மயிரிழை இடைவெளி

விடியற்காலை வேளையில் திருகோணமலை உட்துறைமுகத்தின் ஓரமாக நடப்பவர் செவியில் இருவகை இயந்திர ஓசை வந்து விழும். ஒன்று, இரவு முழுவதும் கடலில் நின்று கரை திரும்பும் வள்ளங்களின் ஓசை. மற்றது, அவ்வள்ளங்களை எதிர்நோக்கிக் கரைவழியே விரையும் மோட்டார் சைக்கிள்களின் ஓசை. பின்னிருக்கையில் ரெஜிபோம் பெட்டியொன்றைக் கயிற்றால் இறுகக் கட்டி, அதனுள் பனிக்கட்டியை நொறுக்கி நிரப்பிக்கொண்டு, மீன் ஏலம் கூறுமிடத்துக்குச் செல்லும் சிறு வியாபாரிகளின் வண்டிகள் அவை. வாங்கிய மீனைத் தம்பலகாமம், கந்தளாய் போன்ற உள்ளூர்களுக்குக் கொண்டுசென்று, பனிக்கட்டி கரையுமுன் விற்றுவிட வேண்டும். கந்தளாய் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவு. வழியில் வண்டி நின்றுவிட்டால் அன்றைய வருவாய் மட்டுமன்று, அன்றைய முதலும் வெயிலில் கெட்டழியும்.

இத்தகைய வியாபாரி தம் வண்டியின் ஓசையைத் தம் குழந்தையின் குரலைப்போல அறிவார். இயந்திரத்தின் தலைப்பகுதியிலிருந்து 'டிக், டிக்' என்று மெல்லிய தட்டொலி எழுந்தால் அவர் மனம் அமைதி இழக்கும். "டப்பட் அடிக்கிறது" என்று கராஜ்காரர் கூறுவார். திருகாணியைச் சிறிது முறுக்கியதும் தட்டொலி அடங்கிவிடும். காசு கைமாறும். வண்டி பட்டுப்போல ஓடுகிறதென்று சொந்தக்காரர் மகிழ்வார். சில வாரங்கள் சென்றபின் ஒருநாள் காலை, எத்தனை முறை மிதித்தாலும் அவ்வண்டி உயிர்பெற மறுக்கும். அப்போது எவரும் அந்தப் பழைய தட்டொலியை நினைப்பதில்லை.

ஓசை எழுப்பும் வால்வைக் கண்டு அஞ்சுவதும், ஓசையற்ற வால்வை நம்புவதும் நாட்டில் வேரூன்றிவிட்ட வழக்கங்கள். உண்மையில் அஞ்சத்தக்கது இரண்டாவதே. இடைவெளி சற்று மிகுந்த வால்வு சத்தமிட்டுத் தன் குறையைத் தானே சொல்லிவிடும். இடைவெளி இழந்து இறுகிய வால்வோ வாய் திறவாது, மௌனமாகவே எரிந்துபோகும். ஆகவே, இதனைச் செவியால் அறிய முயல்வது வீண். அளந்துதான் அறிய வேண்டும். அளப்பதற்கு ஏற்ற இடம் பெரும்பாலும் கராஜ் அன்று, வீட்டு முற்றமே. அது ஏன் என்பதை அறிவதற்கு இயந்திரத்தினுள் நிகழ்வதைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

ஜெர்மானியரான நிக்கோலாஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டில் ஓடச் செய்த நான்கடிப்பு இயந்திரத்தின் முறையே இன்றைய மோட்டார் சைக்கிள்களிலும் வழங்குகின்றது. பிஸ்டன் எனப்படும் முசலம் கீழிறங்கும்போது காற்றும் பெற்றோலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படும். மேலெழும்போது அக்கலவை நெருக்கப்படும். தீப்பொறி பட்டு அது எரிந்து முசலத்தைக் கீழே தள்ளும். நான்காம் அடிப்பில் புகை வெளியே துரத்தப்படும். மனிதன் மூச்சு விடுவதைப் போன்றதே இது. உள்மூச்சுக்கு ஒரு கதவு, வெளிமூச்சுக்கு ஒரு கதவு. அக்கதவுகளே வால்வுகள். முசலத்தின் நான்கு அடிப்புகளுக்கு, அதாவது சுழல் தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு, ஒவ்வொரு கதவும் ஒருமுறை திறந்து மூடும். சுழல் தண்டு நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடுமானால் வால்வு 2500 முறை திறந்து மூட வேண்டும். கந்தளாய்க்குச் செல்ல ஒரு மணி நேரம் எனக் கொண்டால், அவ்வொரு பயணத்தில் மட்டும் ஒன்றரை இலட்சம் முறை! (ஈரடிப்பு இயந்திரத்துக்கு இத்தகைய கதவுகள் இல்லை; சிலிண்டரின் சுவரிலுள்ள துளைகளே போதும். அவ்வகைப் பழைய வண்டிகளை வைத்திருப்போருக்கு இத்தொல்லையும் இல்லை.)

இக்கதவுகளைத் திறப்பது எது? கிணற்றடியில் துலாவைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. நடுவே தாங்கப்பட்ட சிறிய துலாவொன்று இயந்திரத்தின் தலையில் உண்டு. றொக்கர் என்பது அதன் பெயர். அதன் ஒரு முனையைக் கேம் என்னும் முட்டை வடிவான சக்கரம் மேலே தள்ள, மறு முனை கீழிறங்கி வால்வின் காம்பை அழுத்தும், கதவு திறக்கும். கேமின் புடைப்பு அகன்றதும் வில்லின் வலிமையால் வால்வு மீண்டு தன் இருக்கையில் அமரும். றொக்கரின் முனைக்கும் காம்பின் நுனிக்கும் இடையே, வால்வு மூடியிருக்கும் வேளையில், ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கின்றது. ஹொண்டா நிறுவனத்தின் 50, 70, 90 சி.சி. சிறு வண்டிகளில் அதன் அளவு 0.05 மில்லிமீற்றர். மெல்லிய தலைமயிர் ஒன்றின் பருமன் அவ்வளவே.

இவ்வளவு சிறிய இடைவெளி எதற்கு என்று கேட்கலாம். வால்வு தன் இருக்கையில் முற்றாக அமர்வதற்கு அதுவே உறுதி தருகின்றது. புகை வால்வின் தலை ஓட்டத்தில் ஏறக்குறைய 700 பாகை வரை சூடேறும். அச்சூட்டைத் தணிக்க அதற்கு நீரில்லை, காற்றுமில்லை. இருக்கையில் அமர்ந்திருக்கும் சிறு கணத்தில், இருக்கையின் வழியாகச் சிலிண்டர் தலைக்குள் சூட்டை இறக்கிவைப்பதே அதற்குள்ள பெருவழி. சூட்டினால் உலோகம் நீளும் என்பது பாடசாலைப் பிள்ளையும் அறிந்தது. ஏழு சென்ரிமீற்றர் நீளமான உருக்குக் கம்பி நூறு பாகை சூடேறினால் 0.08 மில்லிமீற்றர் நீளும். வால்வைச் சுற்றியுள்ள தலைப்பகுதியும் விரிகின்றதெனினும், எல்லாம் ஒரே அளவில், ஒரே நேரத்தில் விரிவதில்லை. இடைவெளி இல்லாதுபோனால் றொக்கர் வால்வைச் சற்றே அழுத்தியபடி நிற்கும். கதவு மயிரிழையளவு திறந்தே கிடக்கும். அவ்விடுக்கின் வழியே தீநாக்கு பாயும்; சூடு இறங்கவும் வழியிராது. வால்வின் விளிம்பு முதலில் கருகும், பின்பு அரிக்கப்பட்டுப் பிளவுறும். நெருக்கம் குறைந்த இயந்திரம் குளிர்ந்த காலையில் உயிர்பெறாமற் போவதற்கு இதுவே காரணம்.

இடைவெளி தானாகவே மாறுவதும் உண்டு. அது இருவகையாக நிகழும். கேமும் றொக்கரும் தேய்ந்தால் இடைவெளி அகலும், தட்டொலி மிகும். வால்வும் இருக்கையும் ஒன்றையொன்று அடித்துத் தேய்ந்தால், வால்வு சிறிது சிறிதாகத் தலைக்குள் புதையும், அதன் காம்பு மேலெழும், இடைவெளி குறுகும். அதாவது, தேய்மானமே வண்டியின் சத்தத்தைக் குறைத்துவிடுகின்றது. "முன்பைவிட அமைதியாக ஓடுகிறதே!" என்று மகிழும் வேளையில் உள்ளே புகை வால்வின் ஆயுள் குறைந்துகொண்டிருக்கக்கூடும்.

முற்காலத்துப் பெற்றோலில் கலந்திருந்த ஈயம் வால்வு இருக்கையின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து இத்தேய்வை ஓரளவு தடுத்தது. மக்களின் உடல்நலம் கருதி இலங்கை 2002ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. அது நன்மையே. புதிய இயந்திரங்களுக்குக் கடினமான இருக்கைகள் பொருத்தப்பட்டிருப்பதால் அவற்றுக்குத் தீங்கில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகள் ஓட்டிய நோட்டன், பி.எஸ்.ஏ. போன்ற பழைய வண்டிகளை அருமையாகப் பேணிவருவோர், வால்வை முன்னிலும் அடிக்கடி பார்க்க வேண்டியவராயினர். வடபகுதியில் 1990ஆம் ஆண்டுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலால் உயிரூட்டி, பின்பு மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலமொன்றும் இருந்தது. மண்ணெண்ணெய் முற்றாக எரியாமல் கரியைப் படியவிடும். கரித்துகள் ஒன்று வால்வுக்கும் இருக்கைக்கும் இடையே சிக்கினால், இடைவெளி சரியாக இருந்தும் கதவு மூடாது. அக்காலத்தில் வண்டி ஓட்டியவர்களின் சாமர்த்தியத்தை வியக்கலாம். அவர்களது வால்வுகள் பட்ட பாட்டையும் எண்ணிப்பார்க்கலாம்.

திருகோணமலை மாவட்டத்தில் ஓடும் வண்டிகளில் பல வயது முதிர்ந்தவை. ஹொண்டாவின் சூப்பர் கப் வண்டி 1958இல் வெளிவந்து, 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி எண்ணிக்கையை எட்டியது. ஜப்பானிய அஞ்சல்காரருக்கென ஆக்கப்பட்ட எம்.டி. 90 அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்த வண்டிகள் இங்கே வந்து மீனும் விறகும் சுமந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 2022இல் எரிபொருள் பஞ்சம் வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிடப்பட்டதை எவரும் மறந்திரார். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளத்தக்கவை, மரங்களுக்கிடையே வரிசையாக நிற்க, அவற்றுக்கு அண்மையிலேயே வெறும் கலன்களோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்த நான்கு லீற்றரில் கசியும் வால்வோடு ஓடியவர் சென்ற தூரத்துக்கும், சரியான வால்வோடு ஓடியவர் சென்ற தூரத்துக்கும் வேறுபாடு இருந்தது.

வால்வை வீட்டில் வைத்து அளப்பதே மேல் என்று முன்னர் கூறப்பட்டது. அதன் காரணம் எளியது. 0.05 என்னும் அளவு, குளிர்ந்த இயந்திரத்துக்கு உரியது. ஹொண்டாவின் கையேடுகள் 35 பாகைக்குக் கீழே இருக்கும்போது அளக்கச் சொல்கின்றன. கராஜுக்கு வண்டியை ஓட்டிச் சென்றதும் இயந்திரம் கொதித்திருக்கும். உடனே முடித்துத் தரும்படி சொந்தக்காரர் அவசரப்படுத்துவார். சூட்டில் எடுத்த அளவு பொய்யளவு. கைதேர்ந்த திருத்துநர் "வண்டியை இரவு விட்டுச் செல்லுங்கள், காலையில் பார்க்கிறேன்" என்பார். அவரைச் சோம்பேறி என்று ஏசுபவர்கள் தங்கள் வால்வுக்குத் தாங்களே பகைவர்கள். வீட்டிலோ வண்டி இரவு முழுதும் ஆறியே நிற்கின்றது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாய் வீசும் திருகோணமலையில், முற்பகல் ஆனதும் நிழலில் நிற்கும் இரும்புகூட 35 பாகையைத் தாண்டிவிடும். எனவே சூரியன் ஏறுமுன்னரே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

வேண்டிய கருவிகள் மிகச் சில: வால்வு மூடியைக் கழற்றவும் பூட்டு நட்டை இளக்கவும் ஏற்ற சாவிகள், பிளக் சாவி, திருகாணியின் சிறு சதுரத் தலையைப் பிடிக்கும் சாவி, பீலர் கேஜ் என்னும் அளவுத் தகடு. இறுதியிற் கூறியது, பருமன் பொறிக்கப்பட்ட மெல்லிய உருக்கு இதழ்களை விசிறிபோல் அடுக்கியது. பழைய சவர அலகை வைத்து அளப்போரும் உண்டு. அலகுக்கு அலகு பருமன் வேறுபடுமாதலால் அது தகாது.

முதலில் வால்வு மூடிகளைச் சுற்றித் தூரிகையால் நன்கு துடைக்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளிக் கரையோர வீதிகளில் ஓடும் வண்டியில் மணல் ஒட்டாத இடமில்லை. மூடியைத் திறந்ததும் ஒரு மணிமணல் உள்ளே விழுந்தால், தேய்வைத் தடுக்கச் செய்யும் வேலையே தேய்வுக்கு வித்தாகிவிடும். பின்பு பிளக்கையும் கழற்றிவிட்டால் இயந்திரத்தைக் கையால் சுழற்றுவது இலகுவாகும். இடப்பக்கத்து மூடியை அகற்றினால் உள்ளே சுழற்சக்கரம் தெரியும். அதன் விளிம்பில் 'டி' என்னும் ஆங்கில எழுத்தும் ஒரு கோடும் பொறிக்கப்பட்டிருக்கும். மேற்குறித்த ஹொண்டாச் சிறு வண்டிகளில் அச்சக்கரத்தை இடஞ்சுழியாகச் சுழற்றி, அக்கோட்டை உடற்பகுதியிலுள்ள குறிக்கு நேரே நிறுத்த வேண்டும். மற்றை வண்டிகளுக்கு அவற்றின் கையேடே வழிகாட்டி. அளவும் அதிலுள்ளதே கொள்ளத்தக்கது.

இங்கேதான் பலரும் இடறுகின்றனர். நான்கு அடிப்புகளுக்குச் சுழல் தண்டு இருமுறை சுற்றுமாதலால், அந்த 'டி' எழுத்தும் இருமுறை குறிக்கு நேரே வரும். ஒருமுறை, கலவை நெருக்கப்பட்டு இரு கதவுகளும் மூடியிருக்கும் வேளை, அதுவே வேண்டியது. மற்றொருமுறை, புகை வெளியேறி முடிந்து புதுக் கலவை நுழையத் தொடங்கும் வேளை. அப்போது இரு கதவுகளும் சற்றுத் திறந்திருக்கும். இந்த இரண்டாவது வேளையில் 'இடைவெளியே இல்லையே' என்று திருகாணியைத் தளர்த்திவிட்டால், வண்டி உயிர்பெற்றதும் தட்டுமேளம் கேட்கும். இதனைத் தவிர்க்க எளிய வழி, பிளக் துளையின் வாயில் பெருவிரலை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுவது. விரலை முட்டித் தள்ளிக்கொண்டு காற்று வெளிவருமாயின் அது நெருக்கும் அடிப்பு. அதன் முடிவில் 'டி' நேரே வரும்போது நிறுத்தலாம். றொக்கர்கள் இரண்டையும் விரலால் அசைத்துப் பார்த்தால், இரண்டும் சிறிது தளர்ந்திருக்கும். ஒன்றேனும் விறைத்து நின்றால் ஐயம் கொள்ள வேண்டும். ஒன்று, வேளை தவறாக இருக்கும். அல்லது, தேடி வந்த நோயே அதுவாக இருக்கும்.

இனி அளப்பது. 0.05 இதழில் சிறிது எண்ணெய் தடவி, காம்பின் நுனிக்கும் திருகாணிக்கும் இடையே செலுத்த வேண்டும். அது தடையின்றி வழுக்கி ஓடலாகாது; பிடித்து இழுத்தும் வாராதிருக்கலாகாது. கனத்த நூலொன்றின் கீழிருந்து தாளை உருவும்போது விரல் உணரும் மெல்லிய பற்று இருந்தாற் போதும். கை பழகாதவர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம்: 0.05 நுழைய வேண்டும், அடுத்த தடித்த இதழ் நுழையாதிருக்க வேண்டும். திருகாணியின் நுனி நெடுநாள் அடிபட்டுக் குழிந்திருந்தால், தட்டையான இதழ் அக்குழியின் இரு கரைகளிலும் பாலம்போல் கிடந்து பொய் சொல்லும். அளவு சரியென்று காட்டியும் தட்டொலி அடங்காத வண்டிகளில் பல இவ்வகையினவே. அத்திருகாணியை மாற்றுவதே பரிகாரம். அதற்காக இடைவெளியை இறுக்குதல் தவறு.

பூட்டு நட்டை இளக்கி, சதுரத் தலையை வலப்புறம் திருகினால் இடைவெளி குறுகும், இடப்புறம் திருகினால் அகலும். அளவு வந்ததும் தலையை அசையாது பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். நட்டு இறுகும்போது திருகாணியையும் சிறிது இழுத்துச் செல்லும். ஆகவே இறுக்கியபின் மீண்டும் அளந்தே ஆகவேண்டும். முதன்முறை செய்பவர்க்கு மூன்று நான்கு தடவை திரும்பச் செய்ய நேரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னர் இயந்திரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அதே குறியில் நிறுத்தி, மற்றொருமுறை பார்ப்பது உத்தமம். வால்வு மூடிகளைப் பூட்டும்போது இறப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். முழுப் பலத்தையும் காட்டி முறுக்கலாகாது. தலைப்பகுதி அலுமினியம், அதன் புரி அறுந்துபோனால் பத்து நிமிட வேலை பல நாள் வேலையாகும்.

அளவு இரண்டுக்கு நடுவே ஐயமாக நின்றால் எந்தப் பக்கம் சாய்வது? சிறிது அகன்ற பக்கமே சாய்தல் வேண்டும், விசேடமாகப் புகை வால்வுக்கு. கேட்கும் தட்டொலியோடு வாழலாம். கேளாத தீயோடு வாழ இயலாது.

ஒரு சிறு குறிப்பேடும் துணியில் சுற்றிய கருவிகளோடு இருப்பது நன்று. திருத்துமுன் இருந்த அளவை ஒவ்வொரு முறையும் தேதியோடும் ஓடிய தூரத்தோடும் எழுதிவைக்க வேண்டும். மூன்று முறை பார்த்தும் புகை வால்வு ஒவ்வொருமுறையும் இறுகியே காணப்படுமானால், வால்வு இருக்கைக்குள் புதைந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். அப்போது வீட்டு வேலை முடிந்துவிட்டது; தலையைக் கழற்றி வால்வை அரைத்து அமர்த்தும் கராஜ் வேலை தொடங்குகின்றது. அக்குறிப்பேட்டைத் திருத்துநர் கையில் கொடுத்தால், அவர் அரைமணி நேரம் தேடி அறிவதை அரை நிமிடத்தில் அறிந்துகொள்வார். திருகாணிக்குப் பதிலாகச் சிறு வில்லைகளை மாற்றி இடைவெளியை அமைக்கும் பெரிய வண்டிகளை முற்றத்தில் கழற்றாதிருப்பதே அறிவுடைமை.

முன்பு கிண்ணியாவிலிருந்து நகருக்கு வருவோர் பாதையில் ஏறி நீரைக் கடந்தனர். பாதைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வண்டியும் சற்று ஆறிக்கொண்டது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டபின் அந்த ஓய்வு இல்லாமற்போயிற்று. வீடுகளிலிருந்து நகர் வரை வண்டிகள் நில்லாது ஓடுகின்றன. ஓடும் தூரமும் கூடிவிட்டது. கந்தளாய்க்குப் போய்வரும் மீன் வியாபாரி நாளொன்றுக்கு 80 கிலோமீற்றர் ஓடுகின்றார். அவர் வண்டியின் கையேடு 4000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வால்வைப் பார்க்கச் சொல்லுமாயின், அது அவருக்கு ஐம்பது நாளில் வந்துவிடும். கடல் கொந்தளித்து வள்ளங்கள் இறங்காத வாடைக்காற்று நாளொன்றின் காலைப்பொழுது அதற்குப் போதும்.